வீட்டுலயே பாலிஷ் செய்யலாமா? ஊஞ்சலுக்கு ஒண்ணு, விளக்குக்கு ஒண்ணு, தரைக்கு வேற

உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்டது இப்படித்தான். தாத்தா வீட்டுல இருந்து ஒரு தேக்கு ஊஞ்சல் பலகை, பிரம்பு பின்னின ரெண்டு நாற்காலி, ஒரு ஜோடி பித்தளை குத்துவிளக்கு வந்திருக்கு, ஹால்ல ஆத்தங்குடி கல்லு, சமையலறைல கடப்பா மேடை, குழந்தை தவழுற வயசு, கடை பாலிஷ் வாசனை வீட்டுல யாருக்கும் ஒத்துக்கல, அதனால வீடியோல காட்டுற மாதிரி ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சம் சாறும் கலந்து எல்லாத்துக்கும் போட்டா போதுமா, இல்ல தேங்காய் எண்ணெயே போதுமான்னு கேட்டிருக்கீங்க. எல்லாத்துக்கும் பொருந்துற, குழந்தைக்கு ஆபத்து இல்லாத ஒரே பாட்டில் உண்டாங்கறதுதான் இதுல உண்மையான கேள்வி. அப்படி ஒண்ணு கிடையாது. ஆனா நீங்க சொன்ன ஒவ்வொரு பொருளுக்கும் வீட்டுலயே, கம்மி செலவுல, பெரும்பாலும் வாசனை இல்லாம செய்யறதுக்கு வழி இருக்கு. நான் காரைக்குடி பக்கம் பழைய மரச்சாமான் ரிப்பேர், பாலிஷ் வேலைல பல வருஷமா இருக்கேன், அதுக்கு முன்னாடி கெமிஸ்ட்ரி படிச்சவன், அதனால மரத்தைப் பத்தியும் பித்தளையைப் பத்தியும் கொஞ்சம் உறுதியாவே சொல்ல முடியும், தரையைப் பத்தி சொல்றதுல கொஞ்சம் என் கணிப்பும் கலந்திருக்கும், அதை அங்கங்கே சொல்லிடறேன்.

ஒரு பொருள் பளபளன்னு ஆகறதுக்கு மூணு விதமான வேலை இருக்கு. மேல படிஞ்ச அழுக்கையும் பிசுக்கையும் எடுக்கறது ஒண்ணு. கருத்துப்போன தோலை தேய்ச்சோ புளி மாதிரி எதையாவது வெச்சு கரைச்சோ எடுக்கறது ரெண்டாவது. அப்புறம் காத்தும் தண்ணியும் உடனே தொடாத மாதிரி மெல்லிசா ஒரு படலம் விட்டுட்டு வர்றது மூணாவது. நம்ம சமையலறைல இருக்கற சாமான் முதல் ரெண்டு வேலையை நல்லாவே செய்யும், சில இடத்துல கடை சாமானை விட நல்லா செய்யும். மூணாவது வேலையைத்தான் சமையல் எண்ணெயால செய்ய முடியாது, வீடியோக்கள் எல்லாம் சறுக்கறது இந்த இடத்துலதான், ஏன்னா எண்ணெய் தடவின அடுத்த நிமிஷம் எந்த மரமும் ஜொலிக்கும், வீடியோவும் அதோட முடிஞ்சிடும். ரெண்டு மாசம் கழிச்சு அந்த மேஜையை யாரும் காட்டறதில்ல.

எதையும் தடவறதுக்கு முன்னாடி அந்த மரத்து மேல ஏற்கனவே என்ன இருக்குன்னு பாருங்க. ஊஞ்சல் பலகையைத் திருப்பி, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலைல, பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்ல (பாலிஷ்காரங்க அரக்கு கரைக்கிற ஆல்கஹால்) தொட்டு ஒரு நிமிஷம் அழுத்தி வெச்சிட்டு லேசா தேய்ங்க. பஞ்சு பழுப்பாகி அந்த இடம் பிசுபிசுன்னு ஒட்டுச்சுன்னா அது அரக்கு பாலிஷ், அதாவது பழைய ஆளுங்க பிரெஞ்சு பாலிஷ்னு சொல்றது. ஸ்பிரிட்டுக்கு அசையல, தின்னர் தொட்டா கரையுதுன்னா லாக்கர். ரெண்டுக்குமே அசையலன்னா பியூ (பாலியூரித்தேன்) மாதிரி கெட்டி கோட்டிங்கா இருக்கத்தான் வாய்ப்பு. அப்புறம் ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல மரம் அதைக் குடிச்சு அந்த இடம் கருத்துச்சுன்னா மேல ஒண்ணுமே இல்ல, வெறும் மரம். இதுல கிடைக்கிற பதிலைப் பொறுத்துதான் மத்ததெல்லாம், ஏன்னா லாக்கரோ பியூவோ இருக்கற மரத்துல நீங்க எந்த இயற்கை எண்ணெயைத் தடவினாலும் அது மரத்தைத் தொடவே தொடாது, மேலயே நின்னு தூசி பிடிக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட சாமானுக்கு வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கற சோப்பு விட்டு, துணியை நல்லா பிழிஞ்சு துடைச்சு, உடனே காஞ்ச துணியால ஒத்தி எடுத்தாலே போதும், அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். என்கிட்ட பாலிஷ் போடணும்னு கொண்டு வர்ற சாமான்ல நிறைய, துடைச்சா மட்டும் போதுங்கற நிலைமைலதான் இருக்கு.

இப்ப எண்ணெய் விஷயம், இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன். எண்ணெய்ல காயற எண்ணெய், காயாத எண்ணெய்னு ரெண்டு ஜாதி இருக்கு. ஆளிவிதை எண்ணெய் காத்துல இருக்கற ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு பின்னி, கொஞ்ச நாள்ல கெட்டியான படலமா மாறிடும், ஏன்னா அதுல பாதிக்கு மேல லினோலெனிக் அமிலம், ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கிற இடம் அதுல நிறைய. தேங்காய் எண்ணெய் இதுக்கு நேர் எதிர், சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதனால அது வருஷக்கணக்கா ஆனாலும் காயாது, எண்ணெயாவே இருக்கும், சேலைல ஒட்டும், தூசியை இழுக்கும். ஆலிவ் எண்ணெயும் காயாத ஜாதிதான். நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் ரெண்டுங்கெட்டான், முழுசா காயவும் காயாது, ஈரமாவும் இருக்காது, விளக்குத் தட்டுல அடியில மஞ்சளா பசை மாதிரி பிடிச்சிக்கிட்டு சுரண்டினா கூட வராம இருக்குமே, அதேதான் மரத்து மேலயும் நடக்கும். நம்ம பக்கம் பழைய வீட்டு நிலைக்கதவுல தலைமுறை தலைமுறையா எண்ணெய் போட்டுத்தானே இருக்கு, அது நல்லாத்தானே இருக்குன்னு நீங்க கேக்கலாம். அந்தக் கதவோட கறுப்புல பெரும்பங்கு எண்ணெய்ல ஒட்டின புகையும் தூசியும்தான், வாஷிங் சோடா கரைச்ச தண்ணில துடைச்சு எடுத்தா அடியில தேன் நிறத்துல பர்மா தேக்கு தெரியும். தேக்குலயே இயற்கையா எண்ணெய்ப்பசை உண்டு, அது இத்தனை வருஷம் நிக்கறதுக்கு அதுதான் முக்கியக் காரணம், நாம தடவினது இல்ல. எலுமிச்சம் சாறு விஷயமும் அப்படித்தான், அது மரத்துக்கு ஊட்டம்லாம் குடுக்காது, கொஞ்சம் பிசுக்கு எடுக்கும், எண்ணெயோட சேராம தனியா பிரிஞ்சு நிக்கும், பாட்டில்ல வெச்சா கொஞ்ச நாள்ல பூசணம் பிடிக்கும்.

அப்ப வெறும் மரமா இருந்தா, இல்ல பழைய பாலிஷ் முழுக்க தேஞ்சு போயிருந்தா என்ன போடறது? ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். கிரிக்கெட் ஆடினவங்களுக்கு தெரியும், புது பேட்டுக்கு தடவறது இந்த எண்ணெய்தான். வாங்கும்போது ஒண்ணு கவனிக்கணும், ஹார்டுவேர் கடைல பாயில்டு லின்சீட் ஆயில்னு கிடைக்கறது சீக்கிரம் காயணும்னு கோபால்ட், மாங்கனீஸ் மாதிரி உலோக உப்பு கலந்தது, நீங்க தேடற இயற்கை இது இல்ல, குழந்தை வாய் வைக்கிற இடத்துக்கு வேண்டவே வேண்டாம். சாப்பிடறதுக்குன்னு விக்கிற செக்குல ஆட்டின ஆளிவிதை எண்ணெயை வாங்குங்க, விலை கூட, ஆனா ஊஞ்சலுக்கும் ரெண்டு நாற்காலிக்கும் கால் லிட்டர் கூட தாராளம். தேன்மெழுகு தேன் வளர்க்கிறவங்ககிட்ட கிடைக்கும், மார்த்தாண்டம் பக்கம் ஆள் தெரிஞ்சா ரொம்ப நல்லது, சில கதர் கடைலயும் கேட்டுப் பாருங்க. நல்ல தேன்மெழுகு மஞ்சளா, தேன் வாசனையோட இருக்கும், ஒரு துண்டை உள்ளங்கைல வெச்சு அழுத்திக்கிட்டே இருந்தா சூட்டுக்கு இளகி வளையும். மெழுகுவத்திக்கு விக்கிற வெள்ளை மெழுகு பாரஃபின், அது பெட்ரோலியம்.

செய்முறை சொல்றேன். எடை கணக்குல மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் மூணு பங்கு. புத்தகத்துல நாலு பங்குன்னு கூட போட்டிருக்கும், ஆனா நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு அது ரொம்ப இளகலா இருக்கும், நான் மூணோட நிறுத்திக்குவேன். ஐம்பது கிராம் மெழுகை காய் துருவறதுல துருவி, இனிமே சமையலுக்கு எடுக்காத ஒரு எவர்சில்வர் டம்ளர்ல போட்டு, ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிக்க வெச்சு அடுப்பை அணைச்சிட்டு டம்ளரை அதுக்குள்ள நிக்க வைங்க. தேன்மெழுகு 62, 64 டிகிரிலயே உருகிடும், அதனால நேரா தீயில வைக்கவே கூடாது, வைக்க வேண்டிய அவசியமும் இல்ல. முதல்ல ஓரத்துல கண்ணாடி மாதிரி ஒரு வளையம் தெரியும், நடுவுல மெழுகு மிதக்கும், அஞ்சாறு நிமிஷத்துல மொத்தமும் தெளிஞ்சிடும், தண்ணி ஆறிப்போச்சுன்னா மாத்திக்கலாம். எண்ணெயை அப்ப ஊத்தினா சட்டுன்னு மெழுகு கட்டி கட்டியா வெள்ளையா திரும்பும், பயப்படாதீங்க, ஒரு குச்சியால கலக்கிக்கிட்டே இருங்க, திரும்ப தெளிஞ்சிடும். வாய் அகலமான டப்பால ஊத்தி ஆற விட்டா வெண்ணெய் பதத்துக்கு உறையும், விரலால அழுத்தினா குழி விழணும், ஓடக்கூடாது. ரொம்ப கெட்டியா இருந்தா திரும்ப உருக்கி எண்ணெய், ரொம்ப இளகலா இருந்தா மெழுகு, அவ்வளவுதான் இதுல வித்தை. ஊஞ்சல் மாதிரி உக்காந்து எந்திரிக்கிற இடத்துக்கு இன்னும் கெட்டியா வேணும்னா மெழுகுல அஞ்சுல ஒரு பங்கு கார்னூபா மெழுகு சேர்க்கலாம், பிரேசில் நாட்டு பனை ஓலைல இருந்து எடுக்கறது, 82 டிகிரிக்கு மேலதான் உருகும், அதனால அதுக்கு மட்டும் அடுப்பை சிம்ல வெச்சு தண்ணி கொதிச்சுக்கிட்டே இருக்கணும், எண்ணெய் சேர்க்கும்போது அணைச்சிடுங்க. லாவெண்டர், யூகலிப்டஸ் எல்லாம் வாசனைக்கு மட்டும்தான், ஒரு வாரத்துல பறந்துடும், குழந்தை இருக்கற வீட்டுல விட்டுடுங்களேன்னு சொல்வேன்.

ஊஞ்சலுக்கு போடும்போது முதல்ல துடைச்சு காய வெச்சு, 220 நம்பர் உப்புத்தாளால இழை போற போக்குலயே லேசா ஓட்டி, தூசியைத் தட்டிட்டு, முதல் ரெண்டு கை, அதாவது ரெண்டு பூச்சு, வெறும் எண்ணெய் மட்டும் போடுங்க. துணியால தடவி, கால் மணி நேரம் விட்டு, மரம் குடிச்சது போக மேல நிக்கிறதை ஒரு சொட்டு விடாம துடைச்சு எடுத்துடணும். இங்கதான் பெரும்பாலானவங்க கெடுத்துக்கறாங்க, நிறைய விட்டா நல்லா பளபளக்கும்னு விட்டுடறாங்க, அது பசையா நின்னுடும், மாசக்கணக்குல கை வெச்சா ஒட்டும். ஒவ்வொரு கைக்கும் நடுவுல ஒரு வாரமாவது விடுங்க, சென்னை மாதிரி கடல் ஓரத்துல மழைக்காலம்னா இன்னும் கூட ஆகும், உள்ளங்கையை வெச்சு அழுத்தி எடுத்தா ஒட்டக்கூடாது, அதுதான் கணக்கு. அதுக்கு மேல கடைசியா மெழுகு, பட்டாணி அளவு எடுத்து துணில தேச்சு மெல்லிசா தடவி, அரை மணி நேரம் கழிச்சு பழைய வேட்டித் துணியால கையை ஓட்டி ஓட்டி தேய்ங்க. அது கண்ணாடி மினுக்கா இருக்காது, உள்ள இருந்து வர்ற ஒரு அமைதியான மினுக்கா இருக்கும், எனக்குப் பிடிச்சது அதுதான். சூடான காபி டம்ளரை நேரா வெச்சா வளையம் விழும், அதையும் சொல்லிடறேன், மெழுகுக்கு சூடு தாங்கற சக்தி கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை இல்ல ரெண்டு தடவை மெழுகு மட்டும் போட்டா போதும். குழந்தை ஓரத்தைக் கடிச்சா என்ன ஆகும்னா, நல்லா காஞ்ச ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் எனக்குத் தெரிஞ்சு ரொம்ப நிம்மதியான ஜோடி, ஆனா முழுசா காயற வரைக்கும், அதாவது ஒரு மாசமாவது, குழந்தையை அதுல விடாதீங்க.

இதைப் படிச்சிட்டு வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. ஆளிவிதை எண்ணெய் தடவின துணியைக் கசக்கி உருட்டி மூலைல போட்டா அது தானா தீப்பிடிக்கும். எண்ணெய் காயறதுன்னா ஆக்சிஜனோட சேர்ந்து எரியறதோட மெதுவான வடிவம்தான், அதுல சூடு வரும், விரிச்சுப் போட்டா அந்தச் சூடு காத்துல போயிடும், உருட்டிப் போட்டா உள்ளயே சேர்ந்து சேர்ந்து ஏறி புகைய ஆரம்பிச்சிடும், நெருப்பே வைக்க வேண்டாம். 1991 பிப்ரவரி 23ஆம் தேதி அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியால ஒன் மெரிடியன் பிளாசான்னு 38 மாடிக் கட்டடம், மர வேலை செஞ்சவங்க விட்டுட்டுப் போன ஆளிவிதை எண்ணெய்த் துணியாலதான் 22ஆவது மாடில தீப்பிடிச்சு எரிஞ்சுது, தீயணைப்பு வீரங்க மூணு பேர் இறந்து போனாங்க. அதனால வேலை முடிஞ்ச உடனே துணியை ஒத்தையா விரிச்சு மொட்டைமாடிக் கொடில காயப்போடுங்க, விறைச்சு அட்டை மாதிரி ஆனப்புறம் குப்பைல போடலாம், இல்லன்னா ஒரு வாளித் தண்ணில முக்கி வைங்க. வேலைக்கு வர்ற அக்காகிட்டயும் சொல்லி வைங்க, அவங்க சுத்தம் பண்றேன்னு எல்லாத்தையும் ஒரு கவர்ல அடைச்சிடப் போறாங்க.

ஸ்பிரிட் டெஸ்ட்ல அரக்குன்னு தெரிஞ்சா வேற வழி, அது நல்ல செய்தியும் கூட. அரக்கு நம்ம நாட்டுச் சரக்கு, ஒரு சின்னப் பூச்சி இலந்தை, பலாசு மாதிரி மரக் கிளைல சுரக்கிற பிசின், ஜார்க்கண்ட் பக்கம்தான் அதுக்குப் பேர் போன இடம், ராஞ்சி பக்கத்துல நாம்கும்ல 1924லயே அதுக்குன்னு ஆராய்ச்சி நிலையம் வெச்சுட்டாங்க. மாத்திரை மேல பூசறது, மிட்டாய்க்கு மினுக்கு குடுக்கறது கூட இதுதான், அதனால காஞ்சப்புறம் குழந்தைக்கு பயம் இல்ல. ஆனா அதைக் கரைக்கிற ஸ்பிரிட் விஷம், சட்டுன்னு தீப்பிடிக்கிறது, வாசனையும் ரெண்டு மணி நேரம் இருக்கும், அதனால குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிட்டு, ஜன்னல் எல்லாம் திறந்து வெச்சு செய்யணும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் செதில், ராத்திரி ஊற வெச்சா காலைல கரைஞ்சிருக்கும், மெல்லிசு துணில வடிகட்டி, பஞ்சை துணில முடிஞ்சு அதுல தொட்டு நீளமா இழுத்துக்கிட்டே போகணும், ஒரே இடத்துல நிறுத்தினா ஒட்டிக்கிட்டு தழும்பு விழும். மழை நாள்ல போட்டா வெள்ளை பூத்துடும். கரைச்சு வெச்சதை ஆறு மாசத்துக்கு மேல வெச்சுக்காதீங்க, பழசானா சரியா காயாது. பெரிய பரப்பை இப்படி சமமா இழுக்கிறது கைப்பழக்கம், எழுத்துல சொல்லிப் புரிய வைக்க முடியாது, ஊஞ்சல் பலகை முழுக்க செய்யணும்னா உங்க ஊர்ல வயசான பாலிஷ் மேஸ்திரி ஒருத்தரைப் பிடிங்க, நீங்க நாற்காலிக் கையில பழகிப் பாருங்க.

நாற்காலில பழைய பெயின்ட் இருந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க. நம்ம நாட்டுல வீட்டுப் பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக்கூடாதுன்னு விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். தாத்தா காலத்து பெயின்ட்ல ஈயம் இருக்கலாம்னு நினைச்சுத்தான் நடக்கணும், உப்புத்தாள் போட்டா அந்தத் தூசி தரைல படியும், தவழுற குழந்தையோட கைக்கும் வாய்க்கும் போகும். காஞ்ச உப்புத்தாள் போடாதீங்க, வெளியில வெச்சு ஈரமா செய்யத் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க. பிரம்புப் பின்னலுக்கு எண்ணெயே கூடாது, தொங்கிப் போயிருந்தா நாற்காலியைக் கவுத்து, அடிப்பக்கம் வெந்நீர்ல நனைச்ச துணியால நல்லா ஒத்தி, நிழல்ல ஒரு நாள் காய விடுங்க, பின்னல் அறுபடாம இருந்தா அதுவா இறுகிக்கும். இன்னொண்ணு, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை எண்ணெயை உத்தரத்துக்கும் வாசக்காலுக்கும் கரையானுக்குன்னு பூசற பழக்கம் உண்டு, அதுவும் இயற்கைதான், ஆனா கைல பட்டா கொப்புளம் போடும், வீட்டுக்குள்ள உக்காரற சாமானுக்கு யாராவது சொன்னாங்கன்னு போட்டுடாதீங்க. வேப்பெண்ணெய் பூச்சியை விரட்டும்னு நானும் ஓரளவு நம்பறேன், ஆனா எத்தனை மாசம் தாங்கும்னு என்கிட்ட கணக்கு இல்ல, நாத்தம் மட்டும் நிச்சயம்.

குத்துவிளக்குக்கு வருவோம். எல்லாரும் நேரா புளியைப் போட்டு தேய்க்கறாங்க, புளியில இருக்கற டார்டாரிக் அமிலம் செம்பு மேல படிஞ்ச கறுப்பைக் கரைக்கும், அது உண்மை, ஆனா எண்ணெய்ப் பிசுக்கு மேல அமிலம் வேலையே செய்யாது, அதனாலதான் கை வலிக்குது. முதல்ல விளக்கைக் கழட்டி, வெந்நீர்ல ரெண்டு ஸ்பூன் வாஷிங் சோடா போட்டு அரை மணி நேரம் ஊற விட்டு, அன்னம் இருக்கற இடத்துல, திரி போடற முகத்து மூலைல எல்லாம் பழைய பல் பிரஷ்ஷால தேய்ங்க, பழுப்பு பழுப்பா கழண்டு வரும். கழுவிட்டு அப்புறம் கரைச்ச புளியை கெட்டியா பூசி, அஞ்சு நிமிஷம், கூடிப்போனா பத்து நிமிஷம், எலுமிச்சம் மூடியால தேச்சு கழுவிடுங்க. ராத்திரி முழுக்க ஊற வைக்காதீங்க, பித்தளைங்கறது செம்பும் துத்தநாகமும் கலந்தது, நேரம் கூடினா அமிலம் துத்தநாகத்தை முதல்ல தின்னுட்டு மேல ரோஸ் நிறத்துல செம்பை விட்டுட்டுப் போகும், அந்தத் திட்டு வந்தா தேச்சுதான் எடுக்கணும். உப்பு சேர்த்தா வேகமா வேலை செய்யும்தான், ஆனா இடுக்குல தங்கற உப்பு பின்னாடி பச்சைக் களிம்புக்கு வழி விடும், நான் சேர்க்கறதில்ல. செங்கல் பொடி பழைய அண்டா, தவலைக்கு சரி, சித்திர வேலை இருக்கற விளக்குக்கு வேண்டாம், கோடு விழும். கழுவினதும் துணியால துடைச்சு கொஞ்ச நேரம் வெயில்ல வெச்சிட்டு, நைசான விபூதியைக் காஞ்ச துணில தொட்டு தேய்ங்க, கடைசி மினுக்கு அதுலதான் வரும். ரெண்டு நாள்ல திரும்ப கறுக்குதுன்னு எல்லாரும் சொல்றது பாதிக்கு மேல சரியா அலசாம, ஈரத்தோட விட்டதாலதான். ஊஞ்சலுக்கு செஞ்ச அதே மெழுகை அடித்தண்டுலயும் பீடத்துலயும் மட்டும் துளி தேச்சு துடைச்சு விட்டா மாசக்கணக்குல நிக்கும், தீ எரியற முகத்துல போடாதீங்க. முலாம் பூசினது, லாக்கர் அடிச்ச அலங்கார சாமான் எதுக்கும் புளி கிடையாது. வெள்ளி குங்குமச்சிமிழுக்கும் அந்த விபூதியே போதும், பல் பேஸ்ட் வேண்டாம், கீறும்.

வீட்டுல பழைய பஞ்சலோக விக்கிரகம் ஏதாவது வந்திருந்தா அதைத் தேய்க்காதீங்கன்னு கையெடுத்துக் கேட்டுக்கறேன். அந்த பழுப்பும் கரும்பச்சையும் அதுக்குப் பாதுகாப்பு. ஆனா வெளிர் பச்சையா மாவு மாதிரி உதிர்ற புள்ளி இருந்தா அது வேற, குளோரைடு உள்ள போய் உலோகத்தை அரிக்கிற நோய், அதுக்கு உப்பும் புளியும் போட்டா எண்ணெய்ல தண்ணி தெளிச்ச கதைதான். எழும்பூர் மியூசியத்துல இந்த மாதிரி வெண்கலச் சிலைகளைக் காப்பாத்தறதுக்குன்னே 1930ல இருந்து ரசாயனப் பாதுகாப்புக் கூடம் இருக்கு, அங்க போய் யோசனை கேக்கலாம்.

தரைக்கும் மேடைக்கும் ஒரே ஒரு கட்டளை: எலுமிச்சை, வினிகர், புளி, எதுவும் படவே கூடாது. கடப்பா கல் சுண்ணாம்புக் கல் ஜாதி, மார்பிளும் அப்படித்தான், அமிலம் பட்ட இடத்துல நுரைச்சு மினுக்கு அரிச்சுப் போய் வெள்ளைத் தடம் நிக்கும், அது கறை இல்ல, கல்லே போச்சு, எந்தத் தைலம் தடவினாலும் திரும்பாது, மிஷின் வெச்சு தேய்க்கத்தான் வேணும். கிரானைட் ஓரளவு தாங்கும், அதைப் பார்த்துட்டு கடப்பாவுல செஞ்சிடாதீங்க. ஆத்தங்குடி கல்லு சுட்டது இல்ல, கண்ணாடி மேல கலர் சிமென்ட் ஊத்தி, தண்ணில ஊற வெச்சு இறுக வெச்சது, அந்த மேல் தோல் மெல்லிசு, அதுக்கும் அமிலம் ஆகாது. ஊர்ல பதிச்ச புதுசுல தவிடும் தேங்காய் எண்ணெயும் போட்டு தேய்க்கற வழக்கம் உண்டு, துடைக்கிற தண்ணில சில சொட்டு தேங்காய் எண்ணெய் விடறவங்களும் இருக்காங்க. எண்ணெய் அந்த சிமென்ட் துளையில இறங்கி நிறத்தைத் தூக்கிக் காட்டுங்கறது நிச்சயம். ஆனா அந்தப் பழைய வீட்டுத் தரையெல்லாம் ஜொலிக்கிறது எண்ணெயாலயா, இல்ல வருஷக்கணக்கா வெறுங்கால் நடந்து ஈரத்துணி ஓடினதாலயான்னா, கால்தான் பெரும்பங்குங்கறது என் கணிப்பு, சோதிச்சு நிரூபிச்சது இல்ல. உங்க வீட்டுல குழந்தை நிக்கப் பழகப்போற நேரம், எண்ணெய் போட்ட தரை வழுக்கும், அதனால இப்போதைக்கு வெறும் தண்ணியும், வாரம் ஒரு நாள் மிதமான சோப்பும் மட்டும் போதும். கடப்பா மேடை வெளிறிப் போயிருந்தா துளி தேங்காய் எண்ணெய் தடவி துடைச்சா கறுப்பு வரும், நாலஞ்சு நாள்ல மங்கும், மறுபடி தடவிக்கலாம், அங்க அது காயாம இருக்கறதால பெரிய நஷ்டம் இல்ல, சமைக்கிற இடம்தானே, தினம் துடைக்கத்தான் போறீங்க.

முதல்ல ஊஞ்சல்ல ஆரம்பிங்க, அந்த ஸ்பிரிட் டெஸ்ட்டும் தண்ணிச் சொட்டும் பண்ணிட்டு, பலகையோட அடிப்பக்கத்தை பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து இங்கயே போடுங்க. நாற்காலில இருக்கறது பெயின்ட்டா பாலிஷா, சங்கிலி பித்தளையா இரும்பா, கொக்கி மாட்டற ஓட்டைல மரம் தேஞ்சிருக்கா இல்ல விரிசல் விட்டிருக்கான்னும் சேர்த்து சொல்லுங்க. ஓட்டைக்கிட்ட விரிசல் இருந்தா பாலிஷ் அப்புறம், முதல்ல ஆசாரியைக் கூப்பிட்டு அதைப் பாருங்க, அதுவரைக்கும் யாரும் அதுல உக்கார வேண்டாம்.